பதினொன்றரைச் சுற்று

செவ்வாயும் வெள்ளியும்தான் எங்களுக்குப் பொறியாளர்.
மற்ற நாட்களில் அனீஸ் பாத்திமா
வேறு இரண்டு பேரூராட்சிகளுக்குச் சொந்தம்.
நனைந்த ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் விரித்து
"அக்கா, இன்னைக்கு எந்த ஊர்ல இருக்கேன்?" என்பாள்.
நான் ரப்பர் முத்திரையைத் திருப்பிக் காட்டுவேன்.

படிவம் திங்களன்று வந்தது.
கடைசித் தேதி புதன்.
முப்பத்தெட்டுக் கலங்கள்,
சமவெளியில் மின்விசிறிக்குக் கீழே
யாரோ கோடு போட்டவை.
திட்ட இடத்தின் சரிவு: பத்துக்கு ஒன்றுக்கு மிகாமல்.
எங்கள் அலுவலக வாசலே அதைவிடச் சாய்வு.
அணுகுசாலை: ஏழு மீட்டர்.
பேருந்தும் பச்சைத்தேயிலை லாரியும் எதிர்ப்பட்டால்
இரண்டிலொன்று கொண்டை ஊசி வரை
பின்னோக்கிப் போகும் சாலை எங்களுடையது.
அதற்குக் கலம் இல்லை.
குழாய்ப் பாதை வரைபடம் இணைப்பு: ஆம் / இல்லை.

இணைக்க யோகநாதன்தான் இருக்கிறார்.
நாற்பத்தேழு வால்வு.
எந்தக் கேரட் பாத்திக்கு அடியில்
எந்தக் குழாய் திரும்புகிறதென்று
செருப்பைக் கழற்றி, காலால் தட்டிச் சொல்வார்.
சந்தைக்கடை வால்வு பதினொன்றரைச் சுற்று.
பன்னிரண்டு போனால் கீழ்க்காலனியில் குழாய் பிளக்கும்.
பதினொன்றில் நிறுத்தினால்
கடைசி வரிசைக் குடங்களில் காற்று.
அந்த அரைச் சுற்றில்
அறுபது வீட்டுச் சமையல்.

'இதர விவரம்' என்ற கலத்தில்
செவ்வாய் இரவு அதைத்தான் எழுதினேன்.

உதகையில் ஆய்வுக்கூட்டம்.
முன்வரிசையில் நகராட்சி.
அவர்கள் அறிக்கை நூற்றுப்பத்துப் பக்கம், சுருள் கட்டு,
கோவையிலிருந்து ஆலோசகர்.
ட்ரோன் எடுத்த படத்தில்
மலை தட்டையாகத் தெரிந்தது.
எங்களுடையது ஏழு பக்கம்.
அதில் ஒன்று தலைகீழாகப் பின் அடித்தது.

தேநீர் நேரத்தில் நகராட்சி ஹில்டா
வர்க்கியை நனைத்துக்கொண்டே சொன்னாள்:
"எங்களுக்குக் காசு வந்துரும், எடம்தான் வராது.
பார்க்கிங் கட்டடத்தை இதோட நாலு தடவை வரைஞ்சாச்சு.
மொதல்ல வரைஞ்ச சரிவே இப்ப இல்ல.
போன மழையில இறங்கிப் போச்சு.
அறிக்கையில மட்டும் நிக்குது."
சத்தமாகச் சிரித்துவிட்டோம்.
யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பெயரை அழைத்தபோது நாலே முக்கால்.
"உங்க பேரூராட்சி தயாரா?"
கேட்டவர் மோசமானவர் இல்லை.
அவருக்கும் மேலே ஒரு படிவம் இருந்தது.
அனீஸ் எழுந்து, "எதுக்கு சார்?" என்றாள்.
குறும்பில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.
மழைக்கா,
மே மாதத்து வண்டிகள் எங்கள் வழியாகத்
திருப்பிவிடப்படும்போது தண்ணீருக்கா,
இல்லை இந்தப் படிவத்துக்கா.
மீதியைத் திரும்பும் பேருந்தில்
ஜன்னல் கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பத்தொன்பது நாளில் கோப்பு திரும்பியது.
பச்சை மையில் ஒரு வரி:
'பதினொன்றரைச் சுற்று என்பது புரியவில்லை.
உரிய அலகில் தருக.'
பணி தொடங்கும் நாள் ஏப்ரல் ஒன்று என்று
அவர்களே அச்சிட்டிருந்தார்கள்.
யோகநாதனின் ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்று வரை.
நீட்டிக்கக் கேட்டு எழுதினேன்.
அதற்கும் ஒரு படிவம் உண்டாம்.

வெள்ளி மாலை, சாரல்.
சந்தைக்கடைக் குழிக்குள் மூவரும்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் திருகுகிறார்,
நான் எண்ணுகிறேன்,
அனீஸ் சேற்றில் முழங்காலிட்டு
மேலெழும் தண்டின் மீது
பள்ளிக்கூட ஸ்கேலை வைத்திருக்கிறாள்.
"அம்பத்தேழரை மில்லிமீட்டர். எழுதிக்குங்க அக்கா."
எழுதினேன். மை லேசாகக் கலைந்தது.
"மிச்சம் நாப்பத்தாறு?"

ஸ்கேலைத் துடைத்துப் பையில் போட்டாள்.
"செவ்வாய்க்கிழமை."